உடம்புக்குள் ஓயாத பந்தல் வேலை!

அது ஒரு சினிமாப் படம். அதில் கதாநாயகன் இல்லை. பாட்டு இல்லை. பேச்சும் இல்லை. ஆனால் துரத்தல் இருக்கிறது! பார்ப்பவர்கள் கண்ணை எடுக்க மாட்டார்கள்.

1950களில் அமெரிக்க நாட்டில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ராஜர்ஸ் என்ற டாக்டர் அந்தப் படத்தை எடுத்தார். பூதக் கண்ணாடியோடு காமிராவைப் பொருத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைப் படம் பிடித்தார்.

திரையில் சிவப்பு அணுக்கள் வட்ட வட்டமாகக் கிடக்கின்றன. அவற்றின் நடுவே ஒரு வெள்ளை அணு. அதன் முன்னால் மிகச் சிறிய கரும்புள்ளி ஒன்று. அதுதான் நோய்க்கிருமி! கிருமி நகருகிறது. வெள்ளை அணு விடவில்லை. கிருமி திரும்பினால் அதுவும் திரும்புகிறது. குறுக்கே கிடக்கும் சிவப்பு அணுக்களை இடித்துத் தள்ளிக்கொண்டு போகிறது. கடைசியில் கிருமியை அப்படியே விழுங்கிவிடுகிறது!

வெள்ளை அணுவுக்குக் கால் கிடையாது. கை கிடையாது. கண்ணும் மூளையும் கூடக் கிடையாது. பின் எப்படித் துரத்திற்று?

இந்தக் கேள்வி வெறும் வேடிக்கைக்காகக் கேட்கப்பட்டதல்ல. இந்த ஓட்டத்துக்குத் தேவையான ஒரே ஒரு பொருள் உடம்பில் கெட்டுப்போனதால், ஜெர்மனியில் ஒரு குடும்பத்தின் ஆண் குழந்தைகள் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக இறந்தன. அது பின்னால் வருகிறது. முதலில் ஓட்டத்தின் ரகசியத்தைப் பார்ப்போம்.

முன்னால் போட்டு, பின்னால் பிரித்து...

மனித உடம்பு, 30 லட்சம் கோடிக்கும் அதிகமான சின்னஞ்சிறு அறைகளால் ஆனது. ஒவ்வோர் அறைக்கும் "ஜீவ அணு" என்று பெயர். வெள்ளை அணுவும் ஒரு ஜீவ அணுதான். குண்டூசித் தலையின் குறுக்கே 100 வெள்ளை அணுக்களை வரிசையாக நிறுத்தலாம். அவ்வளவு சிறியது!

ஜீவ அணுவின் உள்ளே இருப்பது வெறும் கூழ் என்றே ஒரு காலத்தில் பலர் நினைத்தார்கள். அது தவறு. உள்ளே ஒரு பந்தல் இருக்கிறது. கல்யாணப் பந்தலுக்கு மூங்கில் கம்பு போல, இந்தப் பந்தலுக்கும் கம்புகள் உண்டு. அந்தக் கம்புகள் "ஆக்டின்" என்ற புரதத்தால் ஆனவை.

ஆக்டின் முதலில் தனித் தனி மணிகளாக இருக்கும். மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் சரமாகும். இரண்டு சரம் சேர்ந்து முறுக்கிய கயிறு போல இருக்கும். ஆனால் கயிறு போலத் துவளாது. குச்சி போல விறைப்பாக நிற்கும். கனம் எவ்வளவு தெரியுமா? ஒரு தலைமயிரின் குறுக்களவில் இப்படிப்பட்ட இழைகள் சுமார் 10,000 அடங்கும்!

வெள்ளை அணு ஓடுவது இப்படித்தான்: கிருமி இருக்கும் பக்கமாக மணிகள் வேகமாக ஒட்டுகின்றன. இழைகள் நீளுகின்றன. நீண்ட இழை, அணுவின் மேல்தோலை முன்னால் தள்ளுகிறது. அதே சமயம், பின்னால் இருக்கும் பழைய இழைகள் பிரிகின்றன. பிரிந்த மணிகள் மறுபடி முன்னால் வந்து ஒட்டுகின்றன. முன்னால் பந்தல் போட்டு, பின்னால் பந்தல் பிரித்து, அந்தக் கம்புகளையே திரும்பவும் முன்னால் நட்டு... இப்படியே ஊர்வலம் போகிறது!

ஒரு நிமிடத்தில் அது போகும் தூரம், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. நத்தை கூடச் சிரிக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தத் தூரம் போவதற்கு, முன்னால் இருக்கும் ஒவ்வோர் இழையிலும் நொடிக்கு 60 மணி வீதம் சேர வேண்டும். பூக்கடையில் சரம் தொடுக்கும் பெண்களின் கைவேகம் நமக்குத் தெரியும். அவர்களும் இதன் அருகே வர முடியாது!

ராத்திரி முழுவதும் ஊறிய இறைச்சி

ஆக்டினைக் கண்டுபிடித்த கதை, போர்க்காலத்துக் கதை.

ஹங்கேரி நாட்டில் ஸெகெட் என்று ஓர் ஊர். சிவப்பு மிளகாய்க்குப் பேர் போன ஊர். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் ஸென்ட்-ஜியார்ஜி என்ற பேராசிரியர் இருந்தார். அந்த ஊர் மிளகாயிலிருந்தே "சி" வைட்டமினை ஏராளமாகப் பிரித்தெடுத்தவர். 1937-ம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர். பரிசு வாங்கியதும் ஓய்ந்து உட்காரவில்லை. "சதை எப்படிச் சுருங்குகிறது?" என்று ஆராயத் தொடங்கினார்.

அவருடைய ஆராய்ச்சிசாலையில் வேலை செய்த பெண் விஞ்ஞானி, இலோனா பங்கா. முயல் இறைச்சியைக் கொத்தி, உப்புக் கரைசலில் ஊறவைத்து, அதிலிருந்து "மயோசின்" என்ற புரதத்தை எடுப்பது அவர் வேலை. 20 நிமிடம் ஊறினால் போதும். தண்ணீராகச் சாறு இறங்கும்.

1941-ல் ஒரு நாள், இறைச்சி ராத்திரி முழுவதும் அப்படியே ஊறிவிட்டது. மறுநாள் பார்த்தால், சாறு தண்ணீராக இல்லை. கஞ்சி போலக் கெட்டியாக இருந்தது!

வேறொருவராக இருந்தால், "கெட்டுப்போயிற்று" என்று கொட்டியிருப்பார்கள். ஸெகெட்டில் கொட்டவில்லை. கெட்டியானதற்குக் காரணம் என்ன என்று தேடினார்கள். தேடும் பொறுப்பு புருனோ ஸ்ட்ராப் என்ற இளம் விஞ்ஞானிக்கு வந்தது. 1942-ல், 28 வயதில், அவர் விடை கண்டார். மயோசினோடு இன்னொரு புரதமும் சேர்ந்து இறங்கியிருந்தது. மயோசினைத் தட்டி எழுப்பி வேலை வாங்குவதால், அதற்கு "ஆக்டின்" என்று பெயர் வைத்தார்கள்.

ஸ்ட்ராப் இன்னொன்றையும் கவனித்தார். ஆக்டின் கரைசலில் உப்புச் சேர்த்தால் கெட்டியாகிறது. உப்பை நீக்கினால் மறுபடி தண்ணீராகிறது. அதாவது, மணி சரமாகிறது, சரம் மணியாகிறது. அதற்காக ஸ்ட்ராப் கண்டுபிடித்த முறையில்தான், ஆராய்ச்சிசாலைகளில் இன்றும் முயல் சதையிலிருந்து ஆக்டின் எடுக்கிறார்கள்.

மயோசினும் ஆக்டினும் கலந்த குழம்பை நூலாக இழுத்தார்கள். "ஏ.டி.பி." என்ற ரசாயனம் கலந்த நீரில் அந்த நூலைப் போட்டார்கள். நூல் சுருங்கிற்று! உயிருள்ள சதை செய்யும் காரியத்தை, கண்ணாடித் தட்டில் கிடந்த நூல் செய்தது. தம் வாழ்நாளிலேயே மிகவும் பரவசம் தந்த காட்சி அதுதான் என்று ஸென்ட்-ஜியார்ஜி பின்னாளில் சொன்னார்.

இவ்வளவும் நடந்தது, உலகப் போரின் நடுவே. ஸென்ட்-ஜியார்ஜி ஹிட்லரின் எதிரி. 1943-ல் அவர் துருக்கிக்குப் போய், பிரிட்டிஷ் தரப்பாரோடு ரகசியமாகப் பேசினார். இது ஜெர்மானியருக்குத் தெரிந்துவிட்டது. அவரைப் பிடிக்கத் தேடினார்கள். அவர் தலைமறைவானார். தமக்கு என்ன நேர்ந்தாலும் ஆராய்ச்சி அழியக் கூடாது என்று, கட்டுரைகளை ஸ்வீடன் நாட்டிலிருந்த நண்பர் ஹியூகோ தியோரெலுக்கு அனுப்பிவைத்தார். 1945-ல் அவை அச்சில் வந்தன. அதன் பிறகே ஆக்டின் என்ற பெயர் வெளி உலகில் பரவலாகத் தெரிந்தது.

ஸென்ட்-ஜியார்ஜி பிறகு அமெரிக்கா போய்விட்டார். ஸ்ட்ராப் ஹங்கேரியிலேயே தங்கினார். அவர் கதையில் ஒரு வேடிக்கை: 1988-ல் அவரை நாட்டின் தலைவராகவே ஆக்கிவிட்டார்கள்! மறு ஆண்டு வரை அந்தப் பதவியில் இருந்தார்.

சதை இல்லாத இடத்திலும்!

ஆக்டின் சதைக்கு மட்டுமே சொந்தம் என்று முதலில் நினைத்தார்கள். 1966-ல் ஜப்பான் விஞ்ஞானிகளான ஹதானோவும் ஓசவாவும், மக்கிய மரத்தில் மஞ்சள் கூழாகப் படரும் ஓர் உயிரிலிருந்து ஆக்டினை எடுத்துக் காட்டினார்கள். அந்தக் கூழுக்குச் சதையே கிடையாது! பிறகு தேடத் தேட எங்கும் அகப்பட்டது. மூளையில் உண்டு. தோலில் உண்டு. ரத்தத்தில் உண்டு. நாம் உண்ணும் காளானில் கூட உண்டு.

ஓசவா என்பவர் நகோயா நகரத்துப் பேராசிரியர். மணிகள் எப்போது சரமாகும் என்று கணக்குப் போட்டுச் சொன்னவர் அவர்தான். மணிகள் கொஞ்சமாக இருந்தால் சரம் உண்டாகாது. ஓர் அளவைத் தாண்டினால், அதிகப்படியாக உள்ளவை எல்லாம் சரமாகிவிடும். காற்றில் ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் பனித்துளி விழுகிறதே, அதுபோல.

ஆனால் தொடக்கம்தான் கஷ்டம். இரண்டு மணி ஒட்டினால் உடனே பிரிந்துவிடும். மூன்று மணி கூடினால்தான் நிற்கும். நின்றுவிட்டால் பிறகு மளமளவென்று வளரும். கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு ஆள் சேர்ப்பதுதான் பெரும்பாடு. பத்துப் பேர் உட்கார்ந்துவிட்டால் மற்றவர்கள் தாமாகவே வருவார்கள் அல்லவா?

இங்கேதான் விஞ்ஞானிகளுக்குத் தலைவலி வந்தது. ஜீவ அணுவுக்குள் ஆக்டின் மணிகள் ஓசவா சொன்ன அளவைப் போலப் பல நூறு மடங்கு இருக்கின்றன. உப்பும் இருக்கிறது. அப்படியானால் கிட்டத்தட்ட எல்லா மணிகளும் சரமாகி, அணு விறைத்துப்போக வேண்டும். ஆனால் பல அணுக்களில் பாதி மணிகள் தனியாகவே மிதக்கின்றன!

இன்னொரு புதிரும் இருந்தது. சரத்தின் ஒரு முனையில் மணி சேர்ந்துகொண்டும், மறு முனையில் கழன்றுகொண்டும் இருக்கும் என்று 1976-ல் ஆல்பிரெக்ட் வெக்னர் என்பவர் காட்டினார். சினிமாக் கொட்டகையில் டிக்கெட் வாங்க நிற்கும் வரிசை போலத்தான். வரிசையின் நீளம் மாறுவதில்லை. நிற்கும் ஆட்கள்தான் மாறுகிறார்கள். ஆனால் கண்ணாடிக் குழாயில் சுத்தமான ஆக்டின் இதைச் செய்யும்போது, ஆமை வேகம். உயிருள்ள அணுவிலோ, அதைப்போல நூறு மடங்குக்கு மேல் வேகம்.

அப்படியென்றால், மணிகளைத் தடுத்து வைக்கவும், அவசரப்படுத்தவும் உள்ளே யாரோ இருக்க வேண்டும். பந்தல் இருக்கிறது. மேஸ்திரி எங்கே?

யானையும் பாகனும்

மேஸ்திரிகள் ஒருவர் இருவர் அல்ல. நூற்றுக்கு மேல் அகப்பட்டுவிட்டன. எல்லாமே புரதங்கள். எல்லாவற்றையும் சொன்னால் வாசகர்களுக்குத் தலை சுற்றும். முக்கியமான சிலவற்றைப் பார்த்தால் போதும்.

சமையல் அறையில் அரிவாள்மனை விரலில் பட்டுவிடுகிறது. ரத்தம் வருகிறது. சில நிமிடங்களில் தானாக நின்றுவிடுகிறது. நிறுத்துவது யார்? ரத்தத்தில் தட்டை தட்டையாக மிதக்கும் "தட்டணுக்கள்" என்ற துணுக்குகள். காயம் பட்டதும், அவை நொடிப்பொழுதில் முள் முள்ளாகக் கை நீட்டி ஒன்றையொன்று பற்றிக்கொண்டு அடைப்புப் போடுகின்றன. அந்த முட்கள் எல்லாம் ஆக்டின் சரங்கள்!

காயம் படாத போது அவை சரமாகிவிடக் கூடாது. காயம் பட்டால் ஒரு நொடி கூடத் தாமதிக்கக் கூடாது. இதற்கு மணிகளைப் பூட்டி வைத்துக் காக்கும் மேஸ்திரி ஒன்று உண்டு. அதன் பெயர் "தைமோசின் பீட்டா-4". தட்டணுக்களில் அதன் வேலை இதுதான் என்று 1990-ல் அமெரிக்காவில் டேனியல் சேஃபரும் அவர் கூட்டாளிகளும் கண்டார்கள். மணியோடு பார்த்தால் இது மிகப் பொடிசு. மணியில் 375 கண்ணிகள். இதில் 43 மட்டுமே. யானையும் பாகனும் போல! பாகன் பிடித்திருக்கும் வரை யானை சரத்தில் சேராது.

பூட்டி வைத்த மணியை வாங்கி, வளரும் முனையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறொரு மேஸ்திரி. அதற்கு "புரோஃபிலின்" என்று பெயர். 1977-ல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் கன்றுக்குட்டியின் மண்ணீரலிலிருந்து எடுத்தது. இது மணியைச் சரத்தின் தவறான முனையில் சேர விடாது. முன்னேறும் பக்கத்தில் மட்டுமே சேர்க்கும்.

பிரிப்பவனின் கதைதான் சுவையானது. பழைய சரம் எது, புதிய சரம் எது என்று பிரிப்பவனுக்கு எப்படித் தெரியும்? புதுச் சரத்தைப் பிரித்துவிட்டால் காரியம் கெட்டுவிடுமே!

அதற்கு இயற்கை ஒரு யுக்தி செய்திருக்கிறது. ஒவ்வொரு மணியும் சரத்துக்கு வரும்போது, ஏ.டி.பி. என்ற சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறது. உள்ளே உட்கார்ந்த சிறிது நேரத்தில் அந்தச் சீட்டின் ஒரு துண்டு கிழிந்து விழுந்துவிடுகிறது. இந்தக் கிழிசலை, 1950-லேயே ஸ்ட்ராப்பும் அவருடைய கூட்டாளி ஒருவரும் கண்டுவிட்டார்கள். எதற்காகக் கிழிகிறது என்பது விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. கிழிந்த சீட்டு இருந்தால் பழைய மணி. முழுச் சீட்டு இருந்தால் புது மணி. "கோஃபிலின்" என்ற மேஸ்திரி, கிழிந்த சீட்டு உள்ள இடமாகப் பார்த்து உட்கார்ந்து, சரத்தை முறுக்கி ஒடிக்கிறது! விடுபட்ட மணிக்கு, புரோஃபிலின் புதுச் சீட்டு மாற்றிக் கொடுத்து மறுபடி முன்னால் அனுப்பிவைக்கிறது. நூறு மடங்கு வேகத்துக்கு இந்த இரண்டின் கூட்டுறவே முக்கிய காரணம் என்று 1998-ல் பிரான்ஸ் நாட்டில் நிரூபித்தார்கள்.

இனி, முதல் பந்தி விவகாரம். முதல் மூன்று மணிகளைக் கூட்டுவது கஷ்டம் என்றோமே, அதற்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. 1994-ல் அமெரிக்காவில் லாரா மெச்சஸ்கியும் தாமஸ் பொலார்டும் ஓர் அமீபாவிலிருந்து அதை எடுத்தார்கள். ஏழு புரதங்கள் சேர்ந்த கூட்டு அது. "ஆர்ப்-2/3" என்று பெயர். அதில் இரண்டு புரதங்கள் அசல் ஆக்டின் மணி போலவே வேஷம் போட்டவை! வேஷக்கார மணிகள் இரண்டும் ஏற்கெனவே இருக்கும் சரத்தின் பக்கவாட்டில் போய் உட்காருகின்றன. அவற்றின் மேல் அசல் மணிகள் வந்து ஒட்டுகின்றன. மரத்தில் கிளை வெடிப்பது போல, பழைய சரத்திலிருந்து புதுச் சரம் கிளம்புகிறது. 70 டிகிரி சாய்வில் கிளை விடும். கிளைக்குக் கிளை, அதற்கும் கிளை. சில நொடிகளில் அடர்ந்த புதர் முளைத்துவிடுகிறது. அணுவின் மேல்தோலை முன்னால் தள்ளுவது இந்தப் புதர்தான்.

கிளை கண்டபடி நீளாமல் முனையில் மூடி போடும் மேஸ்திரியும் உண்டு. மூடி போடாவிட்டால் மணிகள் எல்லாம் வீண் கிளைகளுக்கே போய்விடும்.

பிரிக்க முடியாவிட்டால்?

"கட்டுவது சரி. பிரிப்பது அவ்வளவு முக்கியமா?" என்று கேட்கலாம். ஒரு விஷக் காளான் இதற்குப் பதில் சொல்லிற்று.

ஐரோப்பாக் காடுகளில் முளைக்கும் அந்தக் காளானைச் சாப்பிட்டவர்கள் ஈரல் கெட்டு இறப்பதுண்டு. 1937-ல் ஜெர்மனியில் ஃபியோடர் லீனன் என்ற விஞ்ஞானி அதிலிருந்து "ஃபலாய்டின்" என்ற ஒரு விஷத்தைப் பிரித்தெடுத்தார். (சாப்பிட்டவர்களைக் கொல்லுவது காளானில் உள்ள வேறொரு விஷம். அது வேறு கதை.) ஃபலாய்டின் ஆக்டின் சரத்தைப் பற்றிக்கொண்டால் விடாது. சரம் பிரியவே முடியாது. அதை ஊசி மூலம் ஜீவ அணுவுக்குள் செலுத்தினால், மணிகள் எல்லாம் சரத்திலேயே சிக்கிக்கொள்ளும். புதுப் பந்தலுக்குக் கம்பு இல்லை! ஊர்ந்துகொண்டிருந்த அணு நின்றுவிடும்.

அதே விஷத்துக்கு ஒளிரும் சாயம் ஏற்றி, ஜீவ அணுவுக்குள் ஆக்டின் எங்கே இருக்கிறது என்று பார்க்க இப்போது பயன்படுத்துகிறார்கள்.

பந்தலைத் திருடும் கிருமி

வீட்டுக்காரன் போட்ட பந்தலைத் திருடன் பயன்படுத்திக்கொண்டால் எப்படி இருக்கும்? "லிஸ்டீரியா" என்ற கிருமி அதைத்தான் செய்கிறது.

இது உணவு வழியாக வரும் கிருமி. குளிர்ப்பெட்டியில் வைத்தாலும் வளரும். கர்ப்பிணிகளுக்கும் பச்சைக் குழந்தைகளுக்கும் மிகவும் ஆபத்தானது. 2017, 2018 ஆண்டுகளில் தென் ஆப்பிரிக்காவில் பதப்படுத்திய இறைச்சி மூலம் இது பரவி, 200க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

இந்தக் கிருமி ஜீவ அணுவுக்குள் புகுந்ததும், தன் முதுகுப் பக்கத்தில் ஒரு புரதத்தைப் பூசிக்கொள்கிறது. அந்தப் புரதம், "பந்தல் போடு" என்று அணுவின் சொந்த மேஸ்திரி கொடுக்கும் உத்தரவைப் போலவே கள்ள உத்தரவு கொடுக்கிறது. ஏமாந்த ஆர்ப்-2/3 உடனே கிளை விடுகிறது. கிருமிக்குப் பின்னால் வால் நட்சத்திரத்தின் வால் போல ஆக்டின் புதர் வளருகிறது. அந்தப் புதர் தள்ளத் தள்ள, கிருமி அணுவுக்குள் சீறிப் பாய்கிறது. பக்கத்து அணுவின் சுவரையும் முட்டி உள்ளே புகுந்துவிடுகிறது. ரத்தத்துக்கே வராமல் வீடு விட்டு வீடு தாவுவதால், ரத்தத்தில் காவல் இருக்கும் எதிர்ப்புச் சக்திகள் அதைப் பிடிக்க முடிவதில்லை. 1989-ல் அமெரிக்காவில் டில்னி, போர்ட்னாய் என்ற இருவர் இந்த வாலைப் பூதக் கண்ணாடியில் தெளிவாகக் காட்டினார்கள்.

திருடனைப் பார்த்துத்தான் வீட்டின் பலவீனம் தெரியும் என்பார்கள். இங்கும் அப்படியே ஆயிற்று. 1999-ல் பிரான்ஸ் நாட்டுப் பெண் விஞ்ஞானி மாரி-ஃபிரான்ஸ் கார்லியேயும் அவர் குழுவினரும், ஜீவ அணு எதுவும் இல்லாமல், சில சுத்தமான புரதங்களை மட்டும் கலந்தார்கள். ஆக்டின், ஆர்ப்-2/3, பிரிக்கும் மேஸ்திரி, மூடி போடும் மேஸ்திரி. சக்திக்கு ஏ.டி.பி. அந்தக் கலவையில் கிருமியைப் போட்டார்கள். ஓடிற்று! இழுக்கும் புரதமான மயோசின் தேவைப்படவே இல்லை. பந்தல் போடுவதும் பிரிப்பதுமே ஓட்டத்துக்குப் போதும் என்பது சந்தேகமில்லாமல் விளங்கிவிட்டது.

மூன்று சகோதரர்கள்

இனி அந்த ஜெர்மானியக் குடும்பம்.

மூனிக் நகரில் ஆல்ஃபிரட் விஸ்கோட் என்ற குழந்தை டாக்டர் இருந்தார். அவரிடம் ஒரு குடும்பத்தின் ஆண் குழந்தைகளைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார்கள். பிறந்ததிலிருந்தே குழந்தைக்கு மலத்தில் ரத்தம் போகும். தோலில் கரப்பான். காதில் ஓயாமல் சீழ். ஒரு நோய் தீர்வதற்குள் இன்னொரு நோய். மூன்று சகோதரர்களுக்கும் இதே கதி. மூவரும் குழந்தைப் பருவத்திலேயே இறந்தார்கள். ஆனால் அதே தாய் பெற்ற பெண் குழந்தைகளுக்கு ஒன்றுமே இல்லை!

1937-ல் விஸ்கோட் இதைப் பற்றி எழுதினார். 1954-ல் அமெரிக்காவில் ராபர்ட் ஆல்ட்ரிச் என்ற டாக்டர், வேறொரு குடும்பத்தில் இதே நோயைக் கண்டார். அங்கும் ஆண் குழந்தைகளே மாண்டன. நோய் தாய் வழியாக வருகிறது. ஆனால் தாயை ஒன்றும் செய்வதில்லை என்பதை அவர் காட்டினார். இரண்டு டாக்டர்களின் பெயரும் சேர்ந்து நோய்க்குப் பெயராயிற்று: விஸ்கோட்-ஆல்ட்ரிச் நோய்.

இந்த இடத்தில் தாய்மார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தாய் பத்தியம் தவறியதால் வருவதல்ல இது. கிரகக் கோளாறும் அல்ல. தாயின் உடம்பில் குறிப்பிட்ட ஒரு மரபுக்குறிப்பு இரண்டு பிரதி இருக்கும். ஒன்று பழுதானாலும் மற்றொன்று காப்பாற்றும். பெண் குழந்தைக்கும் இரண்டு பிரதி உண்டு. ஆண் குழந்தைக்கு ஒரே பிரதி. அது பழுதான பிரதியாக அமைந்துவிட்டால், மாற்று இல்லை.

பழுதான குறிப்பு எது என்று 1994-ல் கண்டுபிடித்தார்கள். அது எந்தப் புரதத்துக்கான குறிப்பு? "பந்தல் போடு" என்று ஆர்ப்-2/3க்கு உத்தரவு கொடுக்கும் மேஸ்திரிக்கான குறிப்பு! நோயின் பெயராலேயே அந்தப் புரதத்தை "வாஸ்ப்" என்கிறார்கள். லிஸ்டீரியா கிருமி கள்ளத்தனமாக நடிப்பதும் இதே வகை மேஸ்திரியைப் போலத்தான்.

வாஸ்ப் சாதாரணமாகத் தன்னைத்தானே மடித்துக்கொண்டு சும்மா இருக்கும். வெளியிலிருந்து செய்தி வந்தால் விரிந்து எழுந்து உத்தரவு போடும். இது ரத்த அணுக்களில் மட்டுமே இருக்கிறது. மற்ற அணுக்களில் இதன் உறவினரான வேறு மேஸ்திரிகள் உண்டு. ஆகவே அந்தக் குழந்தைகளின் மூளையும் இதயமும் சரியாகவே இருந்தன. ரத்தத்தில்தான் எல்லாக் கோளாறும். வெள்ளை அணு கிருமியைத் தேடி ஓட முடியவில்லை. பிடித்தாலும் சரியாக விழுங்க முடியவில்லை. தட்டணுக்களோ எண்ணிக்கையில் குறைந்து, அளவிலும் சிறுத்துவிட்டன. அதனால் ரத்தம் கசிந்தது. மூன்று பிள்ளைகளுக்கு வந்த மூன்று விதத் துன்பத்துக்கும் மூலம் ஒன்றே.

வேறு மேஸ்திரிகள் கெட்டாலும் தொல்லைதான். மத்திய அமெரிக்காவில் கோஸ்டா ரிக்கா நாட்டில் ஒரு குடும்பத்தில், தலைமுறை தலைமுறையாகக் காது கேளாமல் போய்வந்தது. காதுக்குள் ஒலியை வாங்கும் நுண்ணிய மயிர்களும் ஆக்டின் சரங்களால் ஆனவை. சரத்தை நீட்டும் ஒரு மேஸ்திரியில் பழுது என்று 1997-ல் தெரியவந்தது. ஆனால் அது உயிரைப் பறிக்கும் நோய் அல்ல.

மூனிக் குடும்பத்தின் கதை 1937-ல் முடிந்துவிடவில்லை. ஏறக்குறைய 70 ஆண்டுகளுக்குப் பிறகு, ஜெர்மானிய டாக்டர்கள் அதே குடும்பத்தின் சந்ததியைத் தேடிப் பிடித்தார்கள். சோதித்துப் பார்த்ததில், அந்த மரபுக்குறிப்பில் இரண்டே எழுத்துகள் விட்டுப்போயிருந்தது தெரிந்தது. இரண்டு எழுத்து விட்டுப்போனதால், அதற்குப் பின்னால் இருந்தவை எல்லாம் பொருளற்றுப் போயிருந்தன! 2006-ல் இந்த முடிவு வெளியாயிற்று.

இப்போது இந்த நோய்க்குச் சிகிச்சை உண்டு. ரத்த அணுக்கள் பிறக்கும் இடம் எலும்பு மஜ்ஜை. ஆரோக்கியமான மற்றொருவரின் மஜ்ஜையை ஏற்றினால், அதிலிருந்து பிறக்கும் அணுக்களில் வாஸ்ப் சரியாக இருக்கும். 1968-ல் முதன்முதலாக இதை முயன்றார்கள். பொருத்தமான அண்ணனோ தங்கையோ மஜ்ஜை கொடுத்தால், இன்று பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துவிடுகிறார்கள்.

பொருத்தமான ஆள் கிடைக்காதவர்கள் என்ன செய்வது? இத்தாலி நாட்டு மிலான் நகர டாக்டர்கள் வேறு வழி கண்டார்கள். நோயாளிக் குழந்தையின் சொந்த மஜ்ஜை அணுக்களையே வெளியே எடுத்தார்கள். பழுதில்லாத குறிப்பை அவற்றில் புகுத்தி, மறுபடி உடம்புக்குள் செலுத்தினார்கள். முதலில் மூன்று சிறுவர்களுக்குச் செய்ததன் முடிவை 2013-ல் வெளியிட்டார்கள். மூவருக்கும் தட்டணுக்கள் கூடியிருந்தன. ரத்தக் கசிவும் தொற்று நோய்களும் குறைந்திருந்தன. அவர்களுடைய வெள்ளை அணுக்களைச் சோதித்தபோது, அவற்றில் வாஸ்ப் இருந்தது.